கட்டைக்குப் பிறகு கை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் எனக்குப் பேச வராது. ரேஷன் கடை வரிசையில் யாராவது எனக்கு முன்னால் புகுந்தால்கூட ஒன்றும் சொல்லாமல் பின்னால் நகர்ந்து இடம் விடுவேன். இப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதிலும் நான் கும்பிடும் சாமி வேறு, அவர் கும்பிட்ட சாமி வேறு. அவருடைய சபைக்காரர்கள் எழுதினால் இதைவிட நன்றாக எழுதுவார்கள். ஆனால் அவர்கள் அவரை ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர்கள். நான் மற்ற ஆறு நாளும் பார்த்தவள். நான் எழுதக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதிக்கொண்டே போனால் அதுவும் வந்துவிடும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆண்கள் கிண்டலாக ‘பாஸ்டரே’ என்பார்கள். நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லி வந்து, அங்கே பஸ் மாறி அம்பத்தூருக்கு வருவார். ஊர்ப் பெயர் நாசரேத்து மாதிரி இருப்பதால் ‘இயேசு ஊர்க்காரரு வந்துட்டாருப்பா’ என்று வாசலிலேயே ஒரு குரல் வரும். அதற்கும் சிரிப்பார். பெண்கள் நாங்கள் அண்ணா என்போம். அவர் எங்கள் எல்லோரையும் சிஸ்டர் என்பார். வயதில் என்னைவிட ஐந்தாறு வருஷம்தான் பெரியவர். ஒல்லி. மீசை இல்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து இரண்டு தையல் போட்டே வைத்திருப்பார்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வண்டிகளுக்குத் தகட்டுச் சாமான் அடிக்கும் சின்னக் கம்பெனி அது. ஷெட்டுக்குள் பன்னிரண்டு பவர் பிரஸ் மெஷின். அவர்தான் டை செட்டர். டை என்றால் இரும்பு அச்சு. கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் தகட்டை வைத்தால் மேல் டை ஒரே இடியாக இறங்கி, தகட்டை வெட்டி வளைத்துப் பொருளாக்கிவிட்டு ஏறிவிடும். எந்தப் பொருள் அடிக்க வேண்டுமோ அந்த டையை மெஷினில் ஏற்றி, சரிபார்த்து, எங்களிடம் கொடுப்பது அவர் வேலை. தகட்டை வைப்பதும் எடுப்பதும் எங்கள் வேலை. மேல் டை இறங்கும்போது நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தகடானாலும் ஒன்றுதான், விரலானாலும் ஒன்றுதான்.

அதற்காகத்தான் மெஷினுக்கு முன்னால் இரண்டு பச்சைப் பட்டன் வைத்திருப்பார்கள், இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது. நடுவில் ஒரு சிவப்புப் பட்டன். அதைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும்.

அவர் டை ஏற்றி முடித்ததும் என்ன செய்வார் என்று சொல்கிறேன். ஒரு சாண் நீளத்தில் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார். அதைக் கீழ் டையின் மேல் வைப்பார். “இடது” என்பார். நான் இடது பட்டனை மட்டும் அமுக்குவேன். மேல் டை இறங்காது. “வலது” என்பார். வலதை மட்டும் அமுக்குவேன். இறங்காது. பட்டன்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். எல்லாக் கம்பெனியிலும் டை செட்டர்கள் இதோடு போய்விடுவார்கள். பாதிப் பேர் இதுகூடச் செய்வதில்லை.

அவர் கட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் தன் வலது கையை வைப்பார். உள்ளங்கை கீழே, விரல்கள் விரித்து. வைத்துவிட்டு மறுபடியும் “இடது” என்பார். “வலது” என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைப் பார்த்ததும் பட்டன் பக்கமிருந்து கையை எடுத்துவிட்டேன். பக்கத்து மெஷின் கஸ்தூரிதான் என் முதுகில் தட்டி, “அமுக்கு யக்கா, அண்ணாத்தே அப்டித்தான் கைய வெக்கும், ஒண்ணியும் ஆவாது” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் கண்ணை மூடக் கூடாது என்றார், எதற்காகவும்.

அவரே ஜெபம் பண்ணும்போதும் கண்ணை மூட மாட்டார். எட்டரை சைரனுக்கு முன்னால், எட்டு மணிக்கே வந்து, பனியன் வேஸ்ட் துணியால் ஒவ்வொரு மெஷினாகத் துடைப்பார். துடைத்த மெஷினின் பக்கவாட்டில் கை வைத்து உதட்டை அசைப்பார். கண் மட்டும் திறந்தே இருக்கும், பட்டன், கம்பி, நட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். இன்னா பாஸ்டரே, கண்ணத் தொறந்துகினு ஜெபம் பண்ணா சாமிக்குக் கேக்குமா என்று வெல்டர் ஒருவன் கேட்டான். அவருக்குக் காதுதான் வேணும், என் கண்ணு எதுக்கு அவருக்கு, என்று இவர் துடைத்துக்கொண்டே சொன்னார்.

மனுஷர்களைப் பார்க்கும்போதும் முதலில் கையைத்தான் பார்ப்பார். காலையில் கேட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவர் கையையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வார். புதிதாக யாராவது சேர்ந்தால் கை கொடுப்பார். கொடுத்த கையைக் கொஞ்ச நேரம் விடாமல் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெண்களுக்கு அது கூச்சமாக இருக்கும். எனக்குக் கூச்சத்தைவிடப் பயம். கோழி வாங்குகிறவன் கோழியைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று ஒருமுறை கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து அதை ஷெட் முழுக்கப் பரப்பிவிட்டாள். அவர் காதுக்கும் போயிருக்கும்.

அவர் பின்னால் வந்து நின்றாலே நான் தகட்டைக் கோணலாக வைப்பேன். சூப்பர்வைசர் திட்டுவார், அது பழகிவிட்டது. இவர் திட்ட மாட்டார். அதுதான் கஷ்டம்.

வளையல் விஷயம் ஒன்று நடந்தது. கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு மெஷினில் உட்காரக் கூடாது என்று ஒருநாள் சொன்னார். தகட்டின் பிசிறில் வளையல் மாட்டினால் கையை வெளியே எடுக்க முடியாது என்றார். கட்டின புருஷன் இருக்கும்போது வளையலைக் கழட்டுவதா என்று பெண்கள் கொதித்துவிட்டார்கள். முதலில் வளையல், அப்புறம் பொட்டு, அப்புறம் நேராக சர்ச்சுக்குத்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கிளம்பியது. வயதான ஒரு அம்மா அவர் முகத்துக்கு நேராகவே, உன் மதத்த உன் ஊட்டுல வெச்சிக்கோ என்று சொல்லிவிட்டாள். அவர் அசையவில்லை. “வளையல் உடைஞ்சா ஊடு அழும், தெரியும்மா. விரலு போனா யாரு அழுவா?” என்று கேட்டார். அன்று முழுக்க ஒரு மெஷினுக்கும் டை ஏற்றிக் கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் கஸ்தூரிதான் வழி கண்டுபிடித்தாள். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றி, பழைய சாக்ஸின் மேல்பாதியை வெட்டி அதன்மேல் மாட்டிக்கொண்டாள். அவர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. “இது நல்லா கீது சிஸ்டர்” என்றார். மறுநாள் அவரே பன்னிரண்டு ஜோடி சாக்ஸ் வெட்டிக் கொண்டுவந்தார், துவைத்து.

மதம் மாற்ற வந்தவர் என்ற பேச்சு அப்புறமும் அடங்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் ஒரு துண்டுப் பேப்பர் கொடுத்ததில்லை. கஸ்தூரி தன் புருஷன் குடியை நிறுத்த ஜெபம் பண்ணச் சொல்லி அவளாகவே போய்க் கேட்டாள். பண்ணுகிறேன் என்றார். கையோடு, சுடிதார் கை தொளதொளவென்று இருக்கிறதே என்று சட்டைப் பையிலிருந்து ஊக்கு எடுத்துக் கொடுத்தார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு நானும் கஸ்தூரியும் அவர் சபைக்குப் போனோம். தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி. அவர் பாடவும் இல்லை, பேசவும் இல்லை. வாசலில் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிரியாணி சாப்பிடும்போது அந்தச் சபையின் பாஸ்டர் எங்களிடம் வந்து உட்கார்ந்தார். உங்க அண்ணன் நல்லாப் பேசுவாரும்மா, ஒரு காலத்துல இவர் பிரசங்கம்னா கொட்டகை நிறையும், இப்ப மேடையே ஏற மாட்டேங்கிறார், என்று குறைப்பட்டுக்கொண்டார். முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடச் சொல்லி எத்தனையோ வருஷமாகக் கேட்கிறாராம். அண்ணன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு அழைப்பு இருக்கு பிரதர். ஆண்டவர் கூப்பிடுறது உங்களுக்குக் கேட்கலியா?”

“கேக்குது பாஸ்டர். காலைல எட்டரை மணிக்கு சைரன் அடிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள், பாஸ்டரும்தான். அண்ணன் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஏன் மேடை ஏறுவதில்லை என்பது பிறகு ஒருநாள் தெரிந்தது. கரண்ட் போய் மெஷின் எல்லாம் நின்றிருந்தது. நானும் கஸ்தூரியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் டை வைக்கும் பெட்டிமேல் உட்கார்ந்து அந்த மரக்கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரிக்கு வாய் சும்மா இருக்காது. “அண்ணாத்தே, கட்டை வெச்சாதான் தெரிஞ்சிடுதே. அதுக்கு மேல கைய இன்னாத்துக்கு வெக்கிறே? சாமி காப்பாத்தும்னு காட்டிக்கிறியா?” என்றாள்.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முன்னே பாடி என்ற ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தாராம். ஒரு சனிக்கிழமை. மறுநாள் பிரசங்கம் அவருடையது. டை ஏற்றி, கட்டை வைத்துப் பார்த்து, ஒரு அம்மாவிடம் மெஷினைக் கொடுத்தார். கட்டையை வைத்தாரே தவிர அந்த அம்மா பட்டனை அமுக்கியதா இல்லையா என்று பார்க்கவில்லை. மனசுக்குள் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. வலது பட்டன் அமுங்கினது அமுங்கினபடியே மாட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு மூன்று விரல் போய்விட்டது.

“கட்டை வெச்சா நான் கட்டையப் பாப்பேன், இல்லன்னா வேற எதுனா நெனப்பேன். என் கைய வெச்சாத்தான் பட்டனைப் பாக்கறேன்” என்றார். பிறகு, “மாசத்துக்கு ஒருவாட்டி போயி அந்தம்மாவப் பாப்பேன். காபி போட்டுக் குடுக்கும். இடது கையால” என்றார்.

கஸ்தூரி டீயைக் கீழே வைத்துவிட்டாள். கரண்ட் வந்துவிட்டது. அவர் எழுந்து போனார்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு அவர்மேல் பாசம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதைவிடப் பயம்தான் அதிகமானது. பன்னிரண்டு மெஷினுக்கும் ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை டை மாறும். அத்தனை முறையும் அந்தக் கை உள்ளே போகும். அமுக்குகிறது நாங்கள். அவர் கை எங்கள் கையில் இருந்தது. அப்படி ஒருவர் தன் கையை என்னிடம் கொடுத்துவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அதைக் கேட்கவில்லையே என்று தோன்றும்.

இப்போது தீக்குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிஸ்ட் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் அடுத்த மாதம் வேலை. டார்கெட்டை எட்டாதவர்கள் பெயர் இருக்காது. என் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். லிஸ்ட் ஒட்டும் அன்று காலையில் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டு கையாலும் பட்டனை அமுக்கி, அப்புறம் தகட்டை எடுத்து, அப்புறம் வைத்து, அப்புறம் மறுபடியும் பட்டனுக்குப் போனால் டார்கெட் வராது. ஒரு பட்டன் அமுங்கியபடியே இருக்கப் பக்கத்து இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டால் வேலை பறக்கும். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். சூப்பர்வைசருக்குத் தெரியும். பார்க்காததுபோல் போவார். அண்ணன் பார்த்தால் மட்டும் மெஷினை நிறுத்திக் குச்சியைப் பிடுங்கிவிடுவார். அதனால் அவர் வருவது தெரிந்தால் முதல் மெஷின்காரி இருமுவாள். அடுத்தவள் இருமுவாள். வரிசையாக இருமல் போகும். இன்னா சிஸ்டர், எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஜலதோஷமா, என்று கேட்டுக்கொண்டே வருவார். குச்சிகள் எல்லாம் அதற்குள் எங்கள் ஜாக்கெட்டுக்குள் போயிருக்கும்.

அன்று மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. மத்தியானம். மூன்று மணிக்கு வண்டி வந்து நிற்கும், சாமானை ஏற்றியே தீர வேண்டும் என்று காலையிலிருந்தே சூப்பர்வைசர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். சாப்பாடு முடிந்து வந்த உடனே என் மெஷினுக்கு டை மாற்றச் சொல்லிவிட்டார். வழக்கமாக முன்பக்கமாக வரும் அண்ணன் அன்று பின்பக்கமாக டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரும் இருமவில்லை.

என் இடது பட்டனில் குச்சி இருந்தது. அவசரமாக நகத்தால் இழுத்தேன். மழைக்காலம், குச்சி ஈரத்தில் நமத்துப் போயிருந்தது. பாதி கையோடு வந்தது, பாதி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. ஊக்கால் குத்திப் பார்த்தேன். இன்னும் உள்ளே போனது. அதற்குள் டை ஏறிவிட்டது. சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். குச்சி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. சொன்னால் மெஷின் நிற்கும், பட்டனைக் கழற்றுவார்கள், வண்டி காத்திருக்கும், லிஸ்ட்டில் என் பெயர் இருக்காது. கையோடு வந்த பாதியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

அவர் கட்டையை வைத்தார். “இடது.” ஏற்கெனவே அமுங்கியிருந்த பட்டன்மேல் கையை வைத்தேன். மேல் டை அசையவில்லை. “வலது.”

இடது பட்டன் அமுங்கியிருக்கிறது. வலதை அமுக்கினால் மேல் டை இறங்கிவிடும், குட்டு உடைந்துவிடும். நான் வலது பட்டனைத் தொட்டும் தொடாமலும் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தேன். அமுக்கவில்லை. அமுக்கியதுபோல் தோளை மட்டும் அசைத்தேன். மேல் டை இறங்கவில்லை. அவர் கட்டையை எடுத்தார்.

பாவம் பண்ணியாயிற்று, இத்தோடு போய்விடும் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். அவர் கையை வைப்பார் என்பது, ஆறு வருஷம் பார்த்தும், எனக்கு ஞாபகமே வரவில்லை.

அவர் கையை வைத்தார். உள்ளங்கை கீழே, விரல்கள் விரித்து. மோதிர விரலில் ஒரு பழைய வெட்டுக் காயம் இருந்தது. அதை அன்றுதான் பார்த்தேன்.

“இடது” என்றார். வைத்தேன்.

“வலது.”

மறுபடியும் அதேபோல் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். பட்டனுக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு வேர்க்கடலைத் தோல் அளவு இடம்தான். அப்போதுதான் என் கை நடுங்க ஆரம்பித்தது. கையை எடுத்தால் சூப்பர்வைசர் பார்ப்பார். வைத்திருந்தால் நடுக்கத்திலேயே அமுங்கிவிடும். காற்றுக் குழாய் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கஸ்தூரியின் மெஷின் டமார் டமாரென்று இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் என் கை துள்ளியது.

அவர் டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அமுக்கு சிஸ்டர்.”

“அமுக்கிட்டேன் அண்ணா.”

“இல்ல” என்றார், மெதுவாக. “இன்னும் அமுக்கல.”

கையை எடுக்கவில்லை. இன்னா பாஸ்டரே நேரமாவுது என்று சூப்பர்வைசர் கத்தினார். அவர் திரும்பவில்லை. கை அங்கேயே இருந்தது. என் கை எப்போது விலகியது, எப்போது சிவப்புப் பட்டன்மேல் விழுந்தது என்று தெரியாது. மெஷின் நின்றது. “குச்சி” என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அவர் கையை வெளியே எடுத்தார். எடுத்துத் தன் சட்டையில் துடைத்தார். சட்டையில் ஈர அச்சு விழுந்தது. டை வைக்கும் பெட்டிமேல் உட்கார்ந்தார். அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவருக்குப் பயம் என்பதே கிடையாது, சாமி துணை இருப்பவர்கள் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பயந்துட்டியா?” என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். “நானுந்தான். தெனமும். தைரியம் இருந்தா கட்டையோட போயிருப்பேன்.”

கட்டை வைத்தபோதே நான் அமுக்காதது தெரியுமா என்று கேட்டேன். தெரிந்தால் கை வைத்திருப்பேனா என்றார். பிறகு, கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே, “வெச்சிருப்பேன்” என்றார்.

இதில் எது உண்மை என்று எட்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்தே வைத்திருந்தால் அது என்மேல் இருந்த நம்பிக்கையா, எனக்குக் கொடுத்த தண்டனையா? நடுக்கத்தில் அமுங்கியிருந்தால் நான் எந்த முகத்தோடு உயிரோடு இருந்திருப்பேன் என்று அவர் நினைத்துப் பார்த்தாரா?

அவர் எழுந்து, குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் மெஷினிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு மெஷினாக நிறுத்தி, பட்டனைக் கழற்றிக் குச்சியை எடுத்தார். யாரும் இருமவில்லை, யாரும் ஒளிக்கவில்லை. கஸ்தூரி தன்னுடையதைத் தானே எடுத்துக் கொடுத்தாள். என்னுடைய ஒடிந்த பாதியோடு பத்து குச்சி. ஒரு டீக் கப்பில் போட்டு சூப்பர்வைசர் மேஜைமேல் வைத்தார். இந்தப் பட்டன்களை எல்லாம் குச்சி செருக முடியாத மாதிரி மாற்றும்வரை டை ஏற்ற மாட்டேன் என்றார். மூன்று மணி வண்டி பாதிச் சாமானோடு போனது.

ஐந்து மணிக்கு ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அதுவரை அந்த ரூமுக்குள் போனதே இல்லை. ஏசி குளிரில் கை கால் விறைத்தது. மேஜைமேல் ஒரு பேப்பர், இங்கிலீஷில் அடித்திருந்தது. மேனேஜர் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். மெஷினின் டைக்குள் கை வைக்கக் கூடாது என்பது கம்பெனியின் பாதுகாப்பு விதி. டை செட்டர் அந்த விதியை மீறி, மின்சாரம் இருக்கும்போதே டைக்குள் கை வைத்து, பெண் தொழிலாளியைப் பட்டனை அமுக்கச் சொல்லிப் பயமுறுத்தினார். இதுதான் அதில் இருந்தது.

எழுதியிருந்த எல்லாமே உண்மை. குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“கைய வெச்சாரா இல்லியாம்மா?” என்று மேனேஜர் கேட்டார்.

“வெச்சாரு சார்.”

“நீங்க பயந்தீங்களா இல்லியா?”

“பயந்தேன் சார்.”

“அப்பறம் இன்னா, கையெழுத்துப் போடுங்க.”

சார், குச்சி வைத்தது நான், என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாதக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது. மேனேஜர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பேனா எழுதவில்லை. உதறிவிட்டுப் போடச் சொன்னார். உதறினேன். போட்டேன்.

எழுதக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றேனே, அது இதுதான்.

மறுநாள் அவர் எட்டு மணிக்கு வந்தார். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி ஒரு கவரைக் கொடுத்தான். அவர் அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் கட்டை உள்ளே இருக்கிறது, அதை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான்தான் போய் எடுத்துவந்து கொடுத்தேன். வழக்கம்போல முதலில் என் கைகளைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். பூந்தமல்லி பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனார். எட்டரைக்கு சைரன் அடித்தது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் டை ஏற்றினார், கட்டை வைத்துப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் எட்டு மெஷினில் குச்சி இருந்தது. என் மெஷினில் இல்லை. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது என் டார்கெட்டுக்கு முந்நூற்றுப் பத்து பீஸ் குறைந்தது.